பார்த்துக்கொள்ளப்படும்

(உசிலம்பட்டி வட்டாரச் சபை ஒன்றில், லெந்துக்கால மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐயரவர்களுக்கும், சபைப் பெரியவர்களுக்கும், பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற என் அக்கா தங்கச்சிமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் அம்மா வலையங்குளம் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறித்துத்தான் எங்களை ஆளாக்கினார்கள். விடிய மூன்றரைக்கு என்னையும் எழுப்பிவிடுவார்கள். நெற்றியில் லைட் மாட்டிக்கொண்டு போகிற காலம் இல்லை அது. வரப்பில் ஒரு அரிக்கேன் விளக்கு இருக்கும். சேலையை மடித்து இடுப்பில் மடி கட்டிக்கொள்வார்கள். மொட்டு விரிகிறதற்குள் பறித்து, வெயில் ஏறுகிறதற்குள் மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். அம்மாவின் விரல் காம்பைத் தொட்டதுதான் தெரியும், மொட்டு மடியில் கிடக்கும், செடி அசையாது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். கிட்டப் போய்க் காதைக் கொடுத்தால், "பார்த்துக்குவாரு... பார்த்துக்குவாரு..." ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்கு நகரும்போது ஒரு தடவை. வட்டிக் கடனையா, அக்காள் கல்யாணத்தையா, எதைப் பார்த்துக்குவார் என்று நான் கேட்டதே இல்லை.

ஐயர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'அன்றாடத் தியானத்தில் தேவனுடைய எபிரெய நாமங்கள்'. கேட்டதும் எனக்கு அந்த உதடுகள்தான் ஞாபகம் வந்தன. பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரெயு மொழி அம்மாவுக்குத் தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். ஆனாலும் ஒரு எபிரெய நாமத்தை, வேர் பிசகாமல், வாழ்நாள் முழுக்கத் தியானித்தவர்கள் அவர்கள். அது எனக்குப் புரியவே நாற்பது வயதாயிற்று.

தியானம் என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். முதலாம் சங்கீதத்தில், "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்று வாசிக்கிறோம். தியானம் என்றதும் கண்ணை மூடி, வாயை மூடி, மனசை ஒரு புள்ளியில் நிறுத்துவது என்று நினைத்துக்கொள்கிறோம். மூலத்தில் உள்ள சொல் 'ஹாகா'. அது வாயில் நடக்கிற காரியம். இரையைப் பிடித்த சிங்கம் விடமாட்டேன் என்று உறுமுகிறதே, ஏசாயா 31:4இல் அந்த உறுமலுக்கு இதே சொல். எசேக்கியா ராஜா படுக்கையில் கிடந்து, "புறாவைப்போல் புலம்பினேன்" என்கிறாரே, ஏசாயா 38:14, அதற்கும் இதே சொல். மத்தியான வேளையில் ஓட்டுக் கூரை மேல் உட்கார்ந்து புறா தொண்டைக்குள்ளேயே முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் ஹாகா. வேலை செய்கிற கை வேலை செய்துகொண்டே இருக்கலாம். உதடு அசைந்தால் போதும். அடுப்படியில் ஆகும். நூறு நாள் வேலையில் மண் சுமக்கும்போதும் ஆகும்.

இனி அம்மாவின் நாமத்துக்கு வருகிறேன். ஆதியாகமம் 22. மலைக்கு ஏறும் வழியில் பிள்ளை ஈசாக்கு கேட்கிறான், நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று. தகப்பன் ஆபிரகாம் சொல்கிறார், தேவன் பார்த்துக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகு அந்த இடத்துக்கு 'யேகோவாயீரே' என்று பேரிடுகிறார். உடனே நம் வேதாகமம் அதற்குப் பொருளும் தருகிறது: "கர்த்தருடைய பர்வதத்திலே பார்த்துக்கொள்ளப்படும்." யீரே என்பதன் வேர் 'ராஆ'. பார் என்று அர்த்தம். கண்ணால் பார்ப்பதற்குச் சொல்கிற அதே சாதாரணச் சொல்தான். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'தருவார், ஏற்பாடு செய்வார்' என்கிற பொருளில் போட்டுவிடுகிறார்கள். பொருள் தப்பில்லை, ஆனால் கண் போய்விட்டது. நம் தமிழில் கண்ணும் இருக்கிறது, கையும் இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, "பார்த்துக்கங்க அக்கா" என்று சொல்லிப் போகிறோமே, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை அடக்கம்! கண்ணை எடுக்காதீர்கள், பசித்தால் ஒரு வாய் ஊட்டுங்கள், அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், நான் வரும்வரைக்கும் அது உங்கள் பிள்ளை. இந்தச் சொல் கிடைத்ததற்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன். நம் கையில் இருக்கிற பழைய திருப்புதல் 1871இல் பவர் ஐயர் தலைமையில் வந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. இந்த இடத்தில் தமிழ், எபிரெயுவின் தோளோடு தோள் நிற்கிறது.

இந்த நாமத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். என் மகன் படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்த வருஷம். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு இடத்தில் 80,000 ரூபாய் கட்டினோம். அதில் பாதி நகையை அடகு வைத்தது. ஒரு புதுநோட்டு வாங்கி, யேகோவாயீரே, யேகோவாயீரே என்று தினம் நூறு தடவை எழுதினேன். இத்தனை எழுதி முடித்தால் விசா வந்துவிடும் என்று எனக்குள்ளேயே ஒரு கணக்கு. நோட்டு முடிந்தது. அந்த அலுவலகத்தில் போய்ப் பார்த்தால் பூட்டு. திரும்பி வந்து அந்த நோட்டைத் தூக்கிப் பரண்மேல் எறிந்தேன். அந்த நாமத்தின் மேலேயே எனக்குக் கோபம்.

பல மாதம் கழித்துத்தான் அதே அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். "மூன்றாம் நாளில்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. மூன்று நாள் நடந்திருக்கிறார் அந்த மனுஷர். கழுதைக்குச் சேணம் கட்டி, கட்டை பிளந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, வாய் பேசாமல் நடந்திருக்கிறார். அந்த நடையின் முடிவில், மலைமேல் பிறந்த பேர் அது. நானோ நடையை விட்டுவிட்டுப் பேரை மட்டும் வெட்டி எடுத்து மந்திரமாக்கினேன். உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக என்ற கட்டளை கெட்ட வார்த்தை பேசுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். நோட்டுப் போட்டு எழுதின எனக்கும்தான் அது. ஆட்டோ கண்ணாடியிலும் வாசல் நிலையிலும் இந்த நாமம் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வரும். ஒட்டுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஒட்டினவர்கள் அந்த மூன்று நாளையும் ஒருமுறை நடந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வேதத்தில் இந்த நாமங்கள் பட்டியலாக வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கு, ஒரு இடத்தில், ஒரு நெருக்கத்தில் பிறந்தது. யேகோவாநிசி, கர்த்தர் என் கொடி, யுத்தம் முடிந்த களத்தில். யேகோவா ஷாலோம், கர்த்தர் சமாதானம், மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குப் பக்கத்தில் ஒளித்துக் கோதுமை போரடித்த கிதியோனிடத்தில். எல்ஷடாய், சர்வவல்லமையுள்ள தேவன் என்ற நாமத்தில் உள்ள 'ஷடாய்' என்ற சொல், எந்தப் புத்தகத்தில் அதிகம் வருகிறது தெரியுமா? யோபுவில். 31 தடவை. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்தவருடைய புத்தகத்தில்தான் 'சர்வவல்லவர்' அதிகம். ரூத்தின் மாமியார் நகோமியும் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் புதைத்துவிட்டு ஊர் திரும்பி, "சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்று அதே நாமத்தைச் சொல்லித்தான் அழுகிறாள். ஆகவே நாமத்தைச் சொல்லித் துதிக்க மட்டும்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள். சொல்லி அழலாம். வழக்காடலாம். நகோமியின் அழுகையை வேதம் அடித்துத் திருத்தவில்லை.

கசப்பு என்றதும் மாரா. செங்கடலைக் கடந்து மூன்று நாள் தண்ணீர் இல்லை. கிடைத்த தண்ணீரும் கசப்பு. கர்த்தர் மோசேக்கு ஒரு மரத்தைக் காண்பிக்கிறார், அதைப் போட்டவுடனே, "அது மதுரமான தண்ணீராயிற்று." மதுரைக்காரி எனக்கு அந்த 'மதுரமான' என்ற சொல்லைத் தாண்டிப் போகவே மனசு வராது. உப்புத் தண்ணீர்க் கிணற்றில் நெல்லிக்கட்டையை இறக்கி வைக்கிற வழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. எங்கள் தாத்தா கிணற்றிலும் கருத்துப்போன ஒரு கட்டை கிடந்தது. அதனால் மாரா எனக்குத் தூரத்து ஊராகத் தெரிந்ததே இல்லை. அந்த இடத்தில்தான் கர்த்தர் தம் வாயாலேயே ஒரு பேர் சொல்கிறார்: "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்." எபிரெயுவில் ராஃபா என்ற வேர். இன்றைக்கும் இஸ்ரவேலில் டாக்டரை 'ரோஃபே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழில் மகா வைத்தியர் என்று போட்டிருக்கலாம். பரிகாரி என்று போட்டார்கள். பரிகாரி யார்? நம் ஊரில் நாடி பார்த்து, கசாயம் காய்ச்சிக் கொடுத்து, தலைமுடியும் திருத்தின மனிதர். கூப்பிட்ட வீட்டுக்கு ராத்திரியிலும் வந்தவர். ஊர் அவரைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்தி வைத்தது. அந்தப் பேரைத் தேவன் தமக்கு வைத்துக்கொண்டார் என்று நம் வேதத்தில் எழுதியிருக்கிறது. வியாதிப்படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நாமத்தைத் தியானிக்கிறவர்கள், அந்த மனிதரின் கையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

யேகோவா என்ற நாமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எபிரெயுவில் அது நாலே மெய்யெழுத்து. ஆறாயிரத்து எண்ணூறு தடவைக்கு மேல் வருகிறது. யூதர்கள் பயபக்தியினால் அதை உச்சரிப்பதில்லை, 'அதோனாய்', ஆண்டவர் என்று வாசிப்பார்கள். அந்த அதோனாயின் உயிர்க்குறிகளை இந்த நாலெழுத்தின்மேல் வைத்து எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்ததில் வந்த ஒலிதான் நாம் சொல்கிற யேகோவா. இது தெரிந்ததனால் என் ஜெபம் குறைந்துவிடவில்லை. பேர் வாயில் அடங்காதவர் என்ற பயம்தான் கூடியது. மூச்சை இழுத்து விடுகிற ஓசைதான் இந்த நாமம் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் சொல்லின் வேர் அது இல்லை. வேதமே இந்த நாமத்தை 'இரு' என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்கிறது. முட்செடியில் மோசே கேட்டபோது, "இருக்கிறவராக இருக்கிறேன்" என்றார். அதற்கு இரண்டு வசனம் முன்னால், "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், 'எஹ்யே'. உன்னோடே இருக்கிற இருப்பு அது.

எருசலேமில் இன்னோம் பள்ளத்தாக்கின் ஓரத்துக் கல்லறை ஒன்றில் 1979இல் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. கி.மு. ஏழு, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெரியதே விரல் நீளம்தான். அதில் இந்த நாலெழுத்து இருக்கிறது, கூடவே, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற ஆசீர்வாதம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் ஐயர் கையை உயர்த்திச் சொல்கிற அதே வார்த்தை. இங்கே நம் பக்கத்துக் கீழடியில் பானை ஓட்டில் ஆதன் என்று ஒரு மனிதர் பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள். பேர் அழிந்துவிடக் கூடாது என்ற தவிப்பு எல்லா ஊருக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

நாமமும் ஊருக்கு ஊர் தமிழ் தேடி அலைந்திருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி சர்வேசுரன் என்றார். வேதத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஃபபிரிசியுஸ் பராபரன் என்றார். இப்போது நாம் தேவன், கர்த்தர் என்கிறோம். எந்தச் சொல்லும் முழுசாகப் போதவில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன், கட்டளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நாமம். தினம் ஒன்று என்றால் நாக்கில் தங்காது. திங்கட்கிழமை காலை, பால் வருகிறதற்கு முன்னால், அந்த நாமம் பிறந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசிப்பேன். போன் அடுத்த அறையில் கிடக்கும். அந்த ஆள் நின்ற இடத்தில் நான் நிற்கிறதாக நினைத்துக்கொள்வேன், வெயிலையும் தாகத்தையும் சேர்த்து. மற்ற நாளெல்லாம் வாயில் நாமம் மட்டும். எபிரெயு வராதவர்கள் தமிழிலேயே சொல்லலாம். பரிகாரி என்றால் பரிகாரி. ராத்திரி படுக்கும்போது, இன்றைக்கு எந்த இடத்தில் அந்தப் பேருக்கு உரியவரைக் கண்டேன் என்று கேட்டுக்கொள்வேன். காணாத நாளும் உண்டு. அந்த நாளில் அதையே அவரிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

வேதத்தில் தேவனுக்கு முதன்முதலாகப் பேரிட்ட ஆளைக் கடைசியாக வைத்திருக்கிறேன். ஆபிரகாமும் இல்லை, மோசேயும் இல்லை. ஆகார். எகிப்து தேசத்து அடிமைப்பெண். ஆதியாகமம் 16ஐ நன்றாகப் பாருங்கள். பின்னாளில் ஆபிரகாம் ஆன ஆபிராமும் அவர் மனைவி சாராயும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒரு தடவைகூட அவள் பேரைச் சொல்வதில்லை. அடிமைப்பெண், அடிமைப்பெண் என்றுதான் பேச்சு. வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடி, தண்ணீர் ஊற்றண்டையில் நிற்கிறாள். அங்கேதான் தூதனானவர், "ஆகாரே, எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" என்று பேர் சொல்லிக் கேட்கிறார். தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவருக்கு அவளும் ஒரு பேர் வைக்கிறாள். எல்ரோயீ. நீர் என்னைக் காண்கிற தேவன். யீரேக்கு உள்ள அதே வேர்தான். அந்தத் துரவுக்கும் அந்தப் பேரே நின்றுவிட்டது, லகாய்ரோயீ. "இந்தாம்மா", "ஏய் பூக்காரி" என்று பேரில்லாமல் கூப்பிடப்பட்டுக்கொண்டே வேலை செய்கிறவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். எங்கள் அம்மாவையும் தோட்டக்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நேரமாகிவிட்டது. எல்லாரும் ஆதியாகமம் 16ஐத் திறவுங்கள். நாளைக்கு விடிய மூன்றரைக்குப் பூவுக்குப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள். தூணுக்குப் பக்கத்தில் இருக்கிற அக்கா, நீங்கள் எழுந்திருங்கள். முதலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள். அப்புறம் பதின்மூன்றாம் வசனத்தை வாசியுங்கள், மெதுவாக. நாங்கள் எல்லாரும் உங்களுக்குப் பின்னால் சொல்கிறோம்.