டிராக் டேக்கு எந்த டயர்? வார்மர் வாங்கத்தான் வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. பின்னால் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேகமானவர்களின் குழு இப்போது டிராக்கில் இருக்கிறது. என் குழுவைக் கூப்பிட இன்னும் இருபது நிமிடம் ஆகும். அதற்குள் உங்களில் பல பேர் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம். டிராக் டே, அதாவது நம் பைக்கை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள், அதற்கு எந்த டயர் போடுவது? வார்மர், அதாவது கிளம்புவதற்கு முன் டயரைச் சுற்றி வைத்துக் கரண்டில் சூடாக்கும் உறை, அதை வாங்க வேண்டுமா, வேண்டாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓட்டுகிற வேகத்துக்கு எந்த டயர் தானாகவே சூடாகிறதோ, அதுதான் உங்களுக்கான டயர். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு வார்மர் தேவையே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக நாலு தடவை வளைத்துப் பாருங்கள், வளைத்த இடம் சுடும். டயரும் அப்படித்தான். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் தரையைத் தொடும் இடம் அமுங்கி, மறுபடி விரிகிறது. ரப்பர் அப்படி அமுங்கி விரியும்போது கொஞ்சம் சக்தி உள்ளேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. பலமாக பிரேக் பிடித்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது நன்றாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால், டயர் அதிகம் வளையும், அதிகம் சூடாகும். ரேஸ் டயரை, வேகமாகப் போகிறவர் கொடுக்கும் அந்த அழுத்தத்தை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். அதே டயரை நிதானமாக ஓட்டுகிறவர் போட்டால் நாள் முழுக்க அது பாதிச் சூட்டிலேயே இருக்கும். பாதிச் சூட்டில் இருக்கும் ரேஸ் டயரைவிட முழுச் சூட்டுக்கு வந்த சாதாரண ஸ்போர்ட் டயர் எவ்வளவோ நம்பகமானது.

இது எனக்குத் தெரிந்தது விழுந்த பிறகுதான். சில வருஷத்துக்கு முன்னால் ரேஸ் ஓட்டும் நண்பர் ஒருவர் தான் கழற்றிய ஸ்லிக் டயர் ஜோடியைக் கொடுத்தார், ஸ்லிக் என்றால் கோடுகளே இல்லாத ரேஸ் டயர். நல்ல டயர், ரப்பர் நிறைய மிச்சம் இருந்தது. என்னிடம் வார்மர் இல்லை. குளிரான காலை, முதல் செஷன், அதாவது எங்கள் குழு டிராக்கில் இறங்கும் முதல் முறை. முதல் லேப்பை, அதாவது டிராக்கின் முதல் முழுச் சுற்றை, மெதுவாகத்தான் போனேன். இரண்டாவது லேப்பில் வரிசையாக இடது வளைவுகள், பிடி நன்றாக இருக்கிறது, டயர் சூடாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்து வந்தது ஒரு வலது வளைவு. வண்டியைச் சாய்த்து லேசாக ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் பின் சக்கரம் கழன்று போனது போல வழுக்கியது. எந்த முன்னறிவிப்பும் இல்லை. கழுத்தெலும்பு முறிந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பின் டயரைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடது பக்கம் சொரசொரப்பாக, ரப்பர் பொடிப்பொடியாக உருண்டு கிடந்தது. வலது பக்கம் அப்படியே வழவழப்பு, விரலால் தடவினால் பிளாஸ்டிக் மாதிரி. ஒரே டயர், அதில் பாதி வேலைக்கு வந்திருக்கிறது, மறுபாதி இன்னும் தூங்குகிறது. இன்றைக்கும் பைக்கை விட்டு இறங்கியதும் நான் முதலில் செய்வது டயரின் இரண்டு ஓரங்களையும் கையால் தொட்டுப் பார்ப்பதுதான்.

வார்மர் இருந்தால் இது நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியில் ஸாக்ஸன்ரிங் டிராக்கில் 13 வளைவுகள், அதில் 10 இடது, 3 வலது. 4வது வளைவிலிருந்து 10வது வரை ஏழும் இடது. அதற்குப் பிறகு 11வது, இறக்கத்தில் வேகமான ஒரு வலது. உலகின் உச்ச பைக் பந்தயமான மோட்டோஜிபியின் வீரர்கள், வார்மரிலிருந்து நேராக எடுத்த டயரோடு, அந்த இடத்தில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறார்கள். ஏழு இடது வளைவு முடிவதற்குள் வலது ஓரம் ஆறிப்போகிறது. அதனால்தான் டயர் கொடுக்கும் மிஷெலின் அங்கே இரண்டு பக்கமும் வெவ்வேறு காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை, வைத்த டயரைக் கொண்டுவருகிறது. வார்மர் தருவது ஆரம்பச் சூடு மட்டும். அந்தச் சூட்டைத் தக்கவைப்பது உங்கள் வேகம்.

சரி, எந்த டயர் யாருக்கு? இதுதான் முதலோ இரண்டாவதோ டிராக் டே என்றால், இப்போது வண்டியில் இருப்பது நல்ல ஸ்போர்ட் டயராக இருந்தால், மாற்றவே வேண்டாம். பைரெல்லி டயப்ளோ ரோஸோ 4, பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்23 மாதிரி டயர்கள் ஓரிரண்டு லேப்பில் சூடாகிவிடும், உங்கள் திறமையைவிட அதிகமான பிடி அதில் இருக்கிறது. வேகம் கூடக் கூட ஒரு செஷனின் கடைசியில் பின் டயர் மெல்ல வழுக்க ஆரம்பிக்கும், ரப்பர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அடுத்த படிக்குப் போக அதுதான் அடையாளம்.

அந்த அடுத்த படியில்தான் டிராக் டே ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. டன்லப் க்யூ5, மிஷெலின் பவர் கப் 2, பைரெல்லி சூப்பர்கோர்ஸா எஸ்பி, மெட்ஸலர் ரேஸ்டெக் ஆர்ஆர் கே3 எல்லாம் இந்த ரகம். சாலையில் ஓட்டிப் போய், டிராக்கில் ஓட்டி, அதிலேயே வீடு திரும்பலாம். வார்மர் இல்லாமல் சூடாகிவிடும். நான் இப்போது போட்டிருப்பதும் இந்த ரகம்தான்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. சூப்பர்கோர்ஸாவில் எஸ்பி என்று ஒன்று, எஸ்சி என்று ஒன்று. பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆனால் எஸ்பி சாலைக்கும் டிராக்குக்கும் செய்தது, எஸ்சி ரேஸ் காம்பவுண்டு. எஸ்சி டயரை வார்மர் இல்லாமல் போடுவது, நான் ஸ்லிக் போட்டதற்குச் சமம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை முழுசாகப் படித்துவிட்டு வாங்குங்கள்.

300, 400 சிசி பைக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வண்டிக்கு எடையும் குறைவு, சக்தியும் குறைவு. டயரை வளைத்துச் சூடாக்கும் வேலை அதில் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் பெரிய பைக்குக்கு ஏற்ற அகலமான டயரைத் திணிக்காதீர்கள். ரிம்முக்குச் சொன்ன அளவே போதும். அகலம் கூடினால் டயரின் வளைவு வடிவம் கெடும், வண்டி திரும்புவதும் மந்தமாகும்.

இப்போது வார்மர் யாருக்கு வேண்டும்? ஸ்லிக்கோ ரேஸ் காம்பவுண்டோ போடுகிறவருக்குக் கண்டிப்பாக வேண்டும். அவர்களுக்குக்கூட வார்மரின் பெரிய லாபம் முதல் லேப் பிடி மட்டுமில்லை. ரப்பர் ஒவ்வொரு தடவை நன்றாகச் சூடாகி முழுசாக ஆறும்போதும் கொஞ்சம் இறுகுகிறது. இதைத்தான் ஹீட் சைக்கிள் என்கிறார்கள். ஒரு நாளில் ஆறு செஷன் என்றால் வார்மர் இல்லாத டயர் ஆறு தடவை சூடாகி ஆறும். நடுவில் வார்மரைச் சுற்றி வைத்தால் சூடு இறங்காமல் இருக்கும், நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சைக்கிள். காம்பவுண்டு மிருதுவாக இருக்க இருக்க இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஸ்போர்ட் டயரில் அவ்வளவு தெரியாது.

ஆனால் அதோடு வரும் வேலையையும் யோசியுங்கள். முன்னும் பின்னும் ஸ்டாண்டு வேண்டும், கரண்ட் வேண்டும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் வேண்டும். 80 டிகிரி வைத்தால் அந்தச் சூடு ரப்பரைத் தாண்டி ரிம் வரை இறங்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பதினைந்து நிமிடம் சுற்றிவிட்டு எடுத்தால் மேல் தோல் மட்டும்தான் சூடு. டிராக்குக்குள் போகும் பிட் லேன் வரிசையில் சில நிமிடம் நின்றாலே அது போய்விடும், டயர் தயார் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். அந்த நம்பிக்கை மிகவும் ஆபத்தானது.

அப்புறம் காற்று. இதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். காலையில் 22 டிகிரி குளிரில் என் பின் டயரில் 28 பிஎஸ்ஐ வைத்தேன். போன செஷன் முடித்து உள்ளே வந்த உடனே காற்றழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்தால் 34. டயர் ஏறக்குறைய 60 டிகிரிக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். காற்று சூடானால் அழுத்தம் ஏறும், அவ்வளவுதான் கணக்கு. ஆகவே யாராவது ஒரு நம்பர் சொன்னால், அது ஆறிய டயரிலா, சூடான டயரிலா என்று முதலில் கேளுங்கள். ஸ்லிக் டயர்களுக்குப் பெரும்பாலும் சூடான கணக்கைத்தான் சொல்வார்கள். சாலையில் வைக்கிற மாதிரி ஆறிய ஸ்லிக்கில் 30 வைத்து, 25 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்றினால் அது 38ஐத் தொடும். டயர் உப்பி, தரையைத் தொடும் இடம் சுருங்கி, பிடியே இருக்காது. உங்கள் டயரைச் செய்தவர்கள் கொடுக்கும் அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு செஷன் முடிந்ததும் உடனே, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கிற நம்பர் வேறு. பழைய நோட்டு ஒன்றில் எழுதி வைக்கிறேன், காலை, மதியம், மேகம், வெயில் எல்லாம் சேர்த்து.

யாராவது கழற்றிய டயரை வாங்கினால் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. ரப்பர் எவ்வளவு மிச்சம் என்பதைவிட எத்தனை தடவை சூடாகி ஆறியிருக்கிறது என்பது முக்கியம், அதைக் கொடுக்கிறவரிடம் கேட்டால்தான் தெரியும்.

வார்மர் இல்லாமல் எப்படிச் சூடாக்குவது? இடது வலது என்று பாம்பு மாதிரி நெளிந்து ஓட்டுவதால் ஒன்றும் ஆகாது, பின்னால் வருகிறவருக்குத்தான் தொந்தரவு. வண்டி நேராக இருக்கும்போது பிரேக்கைப் படிப்படியாக அழுத்தமாகப் பிடியுங்கள், நேராக இருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் திடமாகக் கொடுங்கள். சாய்வைக் கடைசியில் கூட்டுங்கள். இரண்டு முழு லேப், குளிரான காலையென்றால் மூன்று. உங்கள் டிராக்கில் எந்தப் பக்கம் வளைவு குறைவோ, அந்தப் பக்கத்துக்கு இன்னும் ஒரு லேப் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் கடந்து போனாலும் போகட்டும்.

என் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். இங்கே பாருங்கள், இந்த வலது ஓரம் இப்போது தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. இருபது நிமிடத்தில் ஆறிவிட்டது. அதனால் மறுபடி முதல் லேப்பிலிருந்து தொடங்குகிறேன்.