பொம்மைத் துப்பாக்கி என்று சொன்ன தம்பிக்கு

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியின் பேச்சாளர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

படைவீரனைக் காப்பது நெஞ்சுரமா, உருக்கும் இழையுமா? நான் உருக்குக்கும் இழைக்கும் பேச வந்திருக்கிறேன். வெண்கலம் போய் இரும்பு வந்த கதையை எங்கள் அணித்தலைவர் அழகாகச் சொல்லிவிட்டார். கொங்கு நாட்டுக் கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்ததையும், தென்னிந்திய உருக்கு மேற்காசியா வரை போய் வாளானதையும் அவர் சொன்னபோது நீங்கள் தட்டிய கைதட்டலே அதற்குப் போதும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு இங்கே ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "அந்தக் காலத்து வீரன் இரும்பைச் சுமந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் நம் தேக்காக் கடைகளில் விற்கிற பொம்மைத் துப்பாக்கி மாதிரி ஒரு பிளாஸ்டிக், தலையில் துணித் தொப்பி. இதுவா காப்பாற்றும்?" என்றார். அரங்கமே சிரித்தது. ஆனால் முன்வரிசையில் சில அம்மாக்கள் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தம்பி, இந்தக் கிண்டல் சுமார் 60 வருஷப் பழசு. வியட்நாமில் எம்16 துப்பாக்கி முதலில் கைக்கு வந்தபோது, அமெரிக்க வீரர்களே அதை 'மேட்டல் கம்பெனி பொம்மை' என்றுதான் கேலி செய்தார்கள். பார்பி பொம்மை செய்கிற அதே மேட்டல். அதுவரை அவர்கள் தூக்கியது எம்14. எஃகும் மரக்கட்டையுமாக 4 கிலோவுக்கு மேல் கனம். புதியது அலுமினியமும் பிளாஸ்டிக்கும், சுமார் 3 கிலோதான். கையில் வாங்கியவனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த மரக்கட்டை காட்டு ஈரத்தில் என்ன ஆனது தெரியுமா? ஊதிப்போனது. கட்டை ஊதினால் குழாயை நெருக்கும். குழாயை நெருக்கினால் குறி தப்பும். எவ்வளவு பெரிய வீரன் குறி வைத்தாலும் ஊதிய கட்டை அவன் சொன்ன பேச்சைக் கேட்காது. பிளாஸ்டிக் ஊதாது. எடையில் மிச்சமானதற்குக் கூடுதல் தோட்டாவும் கொண்டுபோகலாம்.

"அந்த எம்16 நடுச் சண்டையில் சிக்கிக்கொண்டதே" என்று தம்பி கேட்பார். கேட்கட்டும். என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தோட்டா மருந்தை மாற்றினார்கள். துடைக்கும் சாமான்களைப் போதுமான அளவு கொடுக்கவில்லை. தோட்டா உட்காரும் அறைக்குள் குரோமியப் பூச்சு இல்லாததால் ஈரத்தில் அது அரித்துப்போய், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் இறுகிக்கொண்டது. துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்த நிலையிலேயே செத்துக் கிடந்த பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு நெஞ்சுரம் இல்லை என்று இந்த மேடையில் யாராவது சொல்ல முடியுமா? அப்புறம் மருந்தைச் சரிசெய்தார்கள், துடைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், உள்ளே குரோமியம் பூசினார்கள். மயிரிழையைவிட மெல்லிய பூச்சு. துப்பாக்கி ஒழுங்காகச் சுட ஆரம்பித்தது.

சரி, நம் பிள்ளைகள் கையில் இருக்கும் 'பொம்மை'க்கு வருவோம். சார் 21. நம் சிங்கப்பூரிலேயே வடிவமைத்து, 1999இல் அறிமுகம் செய்த துப்பாக்கி. வெளிக்கூடு பிளாஸ்டிக் வகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். தோட்டா வெடிக்கும் அறை விசைக்குப் பின்னால் இருக்கிறது. சுடுகிறவன் கன்னத்தை வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே! ஏதோ கோளாறில் அறையே வெடித்தால் முகம் என்ன ஆவது? அதற்காகவே கன்னம் படுகிற இடத்தில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். இரும்புத் தகடு இல்லை தம்பி. கெவ்லர் என்கிற செயற்கை இழை. நீங்கள் 'துணி' என்று சொன்னீர்களே, அந்தச் சாமான்தான்.

அந்தத் துணி பிறந்த கதையைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன். நடுவர் மணி அடித்தாலும் சொல்வேன்.

ஸ்டெஃபனி குவோலெக் என்று ஒரு பெண். மருத்துவம் படிக்க ஆசை, கையில் காசில்லை. கொஞ்ச நாள் சம்பாதித்துவிட்டுப் போகலாம் என்று 1946இல் டுபான்ட் என்கிற அமெரிக்க இரசாயனக் கம்பெனியில் சேர்ந்தார். போகவே இல்லை. 1965இல் அவர் தேடிக்கொண்டிருந்தது குண்டைத் தடுக்கும் பொருளை அல்ல. கார் டயருக்கு இழை! பெட்ரோல் தட்டுப்பாடு வரும் என்று பேச்சு. டயர் இலேசானால் பெட்ரோல் மிச்சமாகும். ஒருநாள் பாலிமரை, அதாவது இழை செய்யும் மூலப்பொருளை, கரைக்கிறார். வழக்கமாகத் தெளிவாக, கெட்டியாக வரும் கரைசல், அன்றைக்குக் கலங்கலாக, தண்ணியாக வருகிறது. எப்படி? மோர் மாதிரி. நான் சொல்லவில்லை, அந்த அம்மாவே சொன்னது. நீர்மோர்! வேறு யாராக இருந்தாலும் கொட்டிவிட்டுக் கையைக் கழுவியிருப்பார்கள்.

இவர் கொட்டவில்லை. இழை இழுக்கும் இயந்திரம் யார் பொறுப்பில் இருந்ததோ, அவரிடம் கொண்டுபோனார். அவர் மோரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி மோரைப் பார்த்தார். "மாட்டேன்" என்றுவிட்டார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. இயந்திரத்தின் வாயில் இருப்பதெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகள். கலங்கலில் துகள் இருந்தால் அடைத்துக்கொள்ளும். இந்த அம்மா விட்டாரா? இல்லை. பேசிப் பேசிக் கரைத்தார். கடைசியில் அவரும் மனம் இறங்கி, சரி ஊற்று என்றார். ஊற்றினார்கள். ஓட்டை அடைக்கவில்லை. இழை வந்தது! நைலான் அறுந்துவிடும் இழுப்புக்கு அது அறவில்லை. சோதனைக்கூடம் எழுதி அனுப்பிய கணக்கை அவராலேயே நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வாயைத் திறந்தார். எடைக்கு எடை வைத்தால் எஃகைப்போல் ஐந்து மடங்கு வலு. மோரிலிருந்து வந்த இழைக்கு!

"அந்த அம்மாவின் பிடிவாதம் நெஞ்சுரம்தானே" என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. நெஞ்சுரம்தான், யார் இல்லை என்றது? ஆனால் களத்தில் நின்றவனுக்குப் போய்ச் சேர்ந்தது இழைதான். 1980களில் அமெரிக்கப் படை பழைய எஃகுத் தலைக்கவசத்தை விட்டுக் கெவ்லருக்கு மாறியது. 2014 ஜூனில், 90 வயதில், குவோலெக் இறந்தார். புதிய வகைக் கெவ்லரில் செய்த பத்து லட்சமாவது குண்டு துளைக்காத அங்கி விற்றுவிட்டதாக டுபான்ட் அறிவித்ததும் அந்த வாரம்தான். டாக்டராக முடியாத அந்தப் பெண் எத்தனை தாய்களுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்களுக்காக இங்கே கட்டிய கிராஞ்சி நினைவிடத்துக்குப் போயிருப்பீர்கள். உடல்கூடக் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த படையினர் பெயர்களும் அதில் உண்டு. அதில் எந்தப் பெயரைக் காட்டி, இவனுக்கு நெஞ்சுரம் போதவில்லை என்று சொல்வீர்கள்? எனக்கு அந்த வாய் வராது.

பிள்ளையைப் படகில், படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குக் கூட்டிப்போய், அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, அவனை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிய அம்மாக்கள் இங்கே யார் யார்? கையைத் தூக்குங்கள். நானும் தூக்குகிறேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன்தான் என் தட்டிலிருந்த கோழியையும் எடுத்துச் சாப்பிட்டான். அவன் தைரியத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அதை ஊட்டி வளர்த்தவள் நான். என் பயமெல்லாம் அவன் தலையைப் பற்றி, அவன் கன்னத்தைப் பற்றி. தைரியத்தை நான் கொடுத்துவிட்டேன். கவசத்தை என்னால் நெய்ய முடியாது. முகம் தெரியாத யாரோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து எனக்காக நெய்திருக்கிறார். அவரை நினைத்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நடுவர் அவர்களே, இப்போது கை தூக்கிய அம்மாக்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பை எழுதுங்கள். நன்றி, வணக்கம்.