சிறுவாடும் கையெழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

அரிசிப் பானைக்குள்ளும், அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும், பழைய பட்டுப் புடவையின் மடிப்பிலும் பெண்கள் ஒளித்து வைக்கும் பணத்துக்குத் தமிழில் சிறுவாடு என்று பெயர். மளிகைச் செலவில் மிஞ்சியது, பால் விற்ற காசு, பிறந்த வீட்டார் கையில் திணித்துவிட்டுப் போன நோட்டு என்று துளித்துளியாகச் சேர்ந்த தொகை அது. 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது நான் வங்கிப் பணியில் இருந்தேன். அடுத்து வந்த வாரங்களில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பெண்களில் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். பல ஆண்டுகளாகக் கணவருக்குத் தெரியாமல் சேர்த்ததை, அவரை அருகில் வைத்துக்கொண்டே எண்ணிக் கொடுக்க நேர்ந்த கூச்சம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. சிலருக்குச் சொந்தமாக ஒரு சேமிப்புக் கணக்குகூட இல்லாததால் அந்தப் பணம் கணவரின் கணக்கிலோ மகனின் கணக்கிலோ போய் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான்.

நடுவயதைக் கடந்த பெண்களின் பொருளாதாரச் சுதந்திரம் பற்றிப் பேச அழைக்கப்பட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வரிசைதான். சிக்கனத்தை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதில் அவர்கள் வங்கிக்காரர்களுக்கே பாடம் எடுப்பார்கள். சேர்த்த பொருளின் மீது அவர்கள் பெயர் எழுதப்படாமல் போனதுதான் குறை. நகை அவர்களுடையது, ஆனால் அடகுச் சீட்டு கணவர் பெயரில் இருக்கும். வீட்டுக்குச் செங்கல் சுமந்தவர் அவர், பத்திரம் வேறொருவர் பெயரில் இருக்கும்.

குடும்பச் சொத்திலிருந்தே தொடங்குகிறேன். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன்பே திருமணமாகியிருந்த பெண்களுக்கு அந்தப் பங்கு இல்லை என்று அதே சட்டம் கூறியது. இன்று அறுபதை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் அந்தத் தேதிக்கு முன்பே மாலை மாற்றியவர்கள். 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தச் சட்டம் திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதும் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை முடிந்துவிட்ட சொத்தை இதைச் சொல்லித் திறக்க முடியாது. 'எனக்கு அப்போதே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் அக்காமார்கள் தங்கள் நிலையை ஒரு வழக்கறிஞரிடம் மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

கேட்கும் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அண்ணன் தம்பிகள் சீர் செய்தார்கள், தாய்மாமன் முறை செய்தார்கள் என்று சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் ஆவணத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை, எதிலிருந்து விடுதலை என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. மனமுவந்து விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். என்ன மதிப்புள்ளதை விடுகிறோம் என்று தெரியாமல், பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற அச்சத்தில் போடும் கையெழுத்தைத்தான் நான் சொல்கிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, அறுபது வயதில் பிள்ளைகளுக்காகப் போடும் கையெழுத்து. மகன் தொழில் தொடங்குகிறான், கடனுக்கு அம்மா ஜாமீன் நிற்கிறார். ஜாமீன் என்றால் சாட்சிக் கையெழுத்து என்றே பல தாய்மார்கள் எண்ணுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்பு உண்டோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால், முதலில் அவரிடம் வசூலித்துப் பார்க்கலாம் என்று வங்கி காத்திருக்க வேண்டியதில்லை. நேரே ஜாமீன்தாரரிடமே வரலாம். வந்ததை நான் கண்டிருக்கிறேன், அந்தக் கடிதங்களில் சிலவற்றை அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

இருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளையின் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான். பாசத்தோடு எழுதுங்கள், ஆனால் ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் வசிக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, பராமரிப்பு நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட சொத்தை, அந்தப் பராமரிப்பு கிடைக்காதபோது ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் செயல்படுகிறது. பெற்ற மகனிடம் நிபந்தனை வைப்பதா என்று சிலர் மனம் நோவார்கள். உறவு இனிப்பாக இருக்கும்போது எழுதுவதற்கு அது ஒரு வரி. கசந்தபின் அந்த ஒரு வரிக்காக ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

கணவரின் மறைவுக்குப் பின் வங்கிக்கு வரும் பெண்கள் மிகுதியும் இடறுவது 'நாமினி' என்ற சொல்லில்தான். வங்கி வைப்புத்தொகையைப் பொறுத்தவரை நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே அன்றி, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சட்டப்படியான வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கும். நாமினியும் இல்லாத தனிக் கணக்கு என்றால், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழிலிருந்து தொடங்கி, காகிதத்துக்குப் பின் காகிதமாக நடக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத நிலையில் அந்த அலைச்சல் கொடியது. கணவன் மனைவி கூட்டுக் கணக்கை, இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர் இயக்கலாம் என்ற முறையில் வைத்திருந்தால், பணம் அந்த நாட்களில் முடங்காது.

பிள்ளையில்லாத பெண்கள் உயில் எழுதாமல் இருப்பது பெரும் தவறு என்பது என் கருத்து. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி, குழந்தையோ கணவரோ இல்லாத பெண் உயிலின்றி இறந்தால், அவர் தாமே சம்பாதித்த பொருள்கூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும். அவரைப் பெற்றவர்கள் அதற்குப் பின்தான். மணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, பிறந்த வீட்டார் படிக்க வைக்க, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த ஒரு பெண்ணின் சேமிப்பு, துரத்தியவர்களின் வழிக்கே போய்ச் சேரும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கும்போது அனுதாபத்துக்கு இடமில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளும் உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும்.

மாத வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணி ஓய்விலோ, நிலம் விற்றோ மொத்தமாகத் தொகை வந்தால், அறுபது வயது நிறைந்தவர்களுக்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு; 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். சொந்தக்காரர் நடத்தும் பதிவு செய்யாத சீட்டில் அந்தப் பணத்தைப் போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாயாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குகளுக்குப் போகத் தொடங்கியது. தம் பெயரில் மாதந்தோறும் பணம் வரவாவதை அப்போதுதான் முதன்முறையாகக் கண்டவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலருடைய ஏடிஎம் அட்டை கணவரின் சட்டைப் பையில் இருந்தது. கணக்கோடு இணைத்த கைப்பேசி எண் மகனுடையதாக இருந்ததால், பணம் வந்த செய்தியும் ஓடிபியும் அவருக்கே போய்க்கொண்டிருந்தன. அந்த எண்ணை மாற்ற ஒரு விண்ணப்பப் படிவமும், பாஸ்புக்கும், ஆதாரும் போதும். கிளைக்கு நீங்களே நேரில் போங்கள். படிவத்தை நிரப்பத் தெரியாவிட்டால் கேளுங்கள், நிரப்பித் தருவார்கள்.

வணக்கம்.