பள்ளத்தை முதலில் பாருங்கள்

(நாகர்கோவிலில் பொறியியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

மக்களே, சிவில் படிக்கிறவர்களிடம் பாலம் கட்ட ஆசையா என்று கேட்டால் பாதிக் கைகள் உயரும். சாக்கடைக்கு ஒன்றும் உயராது. கல்யாணத் தரகரிடம் சொல்ல வசதியான வேலை இல்லைதான். ஆனால் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மூளைக்கு நிஜமாகவே வேலை வைப்பது அதுதான்.

2011 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த ஜனநெருக்கம் இங்கே. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ஆனாலும் ஒரே கொத்தாக இல்லை. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகிற வழியில் எங்கே ஊர் முடிகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? விளைக்குள், அதாவது தோப்புக்குள், ஒரு வீடு, நாலு தென்னைக்கு அப்பால் இன்னொன்று. வீட்டுக்கு ஒரு கிணறு, அதற்குக் கொஞ்சம் தள்ளி உறை இறக்கிய கக்கூஸ் குழி. பெயர் செப்டிக் டேங்க். பல இடங்களில் அடியில் கான்கிரீட்டே இருக்காது. வருஷத்துக்கு இரண்டு பருவமழை வேறு. நிலத்தடி நீர் மேலேறினால் குழித் தண்ணீர் கிணற்றை எட்ட அதிக நேரம் ஆகாது.

பாதாள சாக்கடை போட்டால் தீராதா? கணக்குப் போடுங்கள். கழிவு படியாமல் ஓட நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும். அதற்காக 250 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு கொடுத்தால், சமதரையில் ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் குழாய் 4 மீட்டர் இறங்கியிருக்கும். அப்புறம் பம்ப் வைத்துத் தூக்க வேண்டும். பம்பிங் ஸ்டேஷனுக்கு இடம் பள்ளத்தில்தான் தேடுவோம். பள்ளத்தில் இருப்பது வயலும் குளமும். இல்லையென்றால், எதிர்த்துப் பேச ஆள்பலம் இல்லாதவர்களின் வீடுகள்.

நகர ஊரமைப்பு உள்ளே வரவேண்டிய இடம் இதுதான். 1971-ஆம் ஆண்டின் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தில், அதாவது ஊரின் மாஸ்டர் பிளானில், பொதுத் தேவைக்கு நிலம் குறித்து வைக்கலாம். குறித்த காலத்துக்குள் அதைக் கையகப்படுத்தாவிட்டால் ஒதுக்கீடு போய்விடும். வயல் மனையான பிறகு சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் கேட்டால் யார் தருவார்? நாம் பெரும்பாலும் அப்போதுதான் கேட்கிறோம். நாகர்கோவில் ஓடைத் தண்ணீர் பழையாற்றில் விழுந்து, சுசீந்திரம் தாண்டி மணக்குடியில் கடலுக்குப் போகிறது. சுசீந்திரம் – தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளுக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. ஓடைக்கு அது தெரியாது.

என் கருத்து, மாவட்டம் முழுக்கக் குழாய் என்பது நடக்கிற காரியம் இல்லை. நகரத்தின் நடுவே குழாய் போடலாம். விளைகளுக்குக் கழிவுநீர் லாரியும், அங்கங்கே சின்னச் சின்ன கசடு சுத்திகரிப்பு நிலையங்களும் போதும். நிலையம் தூரத்தில் இருந்தால் லாரி அங்கே போகாது. ராத்திரி ஏதாவது ஓடையில் திறந்துவிடுவார்கள். டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை, டீசல் கணக்கையும் பார்க்க வேண்டும். அதேபோல, மெஷின் நுழையாத சந்தில் மேன்ஹோல் வைத்தால் அடைப்பு எடுக்க ஆளைத்தான் இறக்குவார்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. வரைபடம் போடுகிற நாளிலேயே தெருவின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

சரி, படிப்பு. சிவிலுக்கு அப்புறம் சுற்றுச்சூழல் பொறியியலும் படிக்கலாம், ஊரமைப்பும் படிக்கலாம். குடிநீர் வடிகால் வாரியம், மாநகராட்சி, ஊரமைப்பு இயக்ககம் என்று எங்கே சேர்ந்தாலும் மற்ற அலுவலகத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லேசில் தரமாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தாவது வாங்கிவிடுங்கள்.