நியமன ஆணை இல்லாத வேலைகள்

நடுவர் அவர்களே, இப்போதே சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, திருவிழாக் கடைகளை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களே, வணக்கம்.

‘பெரிய ஆற்றல் திட்டங்கள் குமரி மாவட்டத்துக்கு வேலையைக் கொண்டுவருமா, கொண்டுபோகுமா?’ என்பது தலைப்பு. கொண்டுபோகும் என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன் எதிரணியில் பேசிய அக்கா முப்பந்தல் காற்றாலைகளைக் காட்டினார். நல்லது, நானும் அங்கிருந்தே வருகிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆடி மாதம் அந்த வழியாக பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். சுமார் 1,500 மெகாவாட் திறனுக்கு அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. போன மாதம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஒரு காற்றாலைத் தூணின் நிழலில் ஏழெட்டு ஆடுகள் வரிசையாகப் படுத்திருந்தன. நிழல் நகர நகர அவையும் எழுந்து தள்ளித் தள்ளிப் படுத்தன. மனுஷன் என்று பார்த்தால் ஒரே ஒரு காவலாளி. “எத்தனை மிஷின் பாக்கிறீங்க அண்ணாச்சி?” என்றேன். “பத்து” என்றார். “ஆடு யாருது?” “நம்மளுதுதான். சம்பளம் பத்தாண்டாமா?”

காற்றாலையை நான் குறை சொல்ல வரவில்லை. புகை கிடையாது, சாம்பல் கிடையாது. ஆனால் தூக்கி நிறுத்தும்போதுதான் அதற்கு ஆள் வேண்டும். நின்று சுற்ற ஆரம்பித்துவிட்டால் பழுது பார்க்க நாலு பேர் போதும். 2024இல் மாநில அரசு பழைய காற்றாலைகளை மாற்றக் கொள்கை வகுத்தது. பழையவற்றில் பல 225, 250 கிலோவாட். புதியது ஒன்றே 2 மெகாவாட்டுக்கு மேல். எட்டு நின்ற இடத்தில் ஒன்று நிற்கும். மின்சாரத்துக்கு லாபம்தான், அண்ணாச்சி எங்கே போவார்?

அப்புறம் கடல். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிறது வாட்ஜ் பேங்க், மீன் கொழிக்கும் திட்டு. 1976இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கே உரியது என்று உறுதியானது. இன்று தென்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேட ஆழ்கடல் வட்டாரங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். வேலை வரும் என்கிறார் அக்கா. வரும், யாருக்கு? துளையிடும் கப்பலில் ஏற அதற்கென்றே படித்திருக்க வேண்டும்.

சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகு கரை சேரும் நேரத்தில் போய் நின்று எண்ணிப் பாருங்கள். படகில் வந்தவர்களை விடுங்கள். ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், தொண்டை கட்ட ஏலம் கூறுகிறவர், ஓரமாக உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துகிறவர், விலைக்கு மல்லுக்கட்டி மீன் எடுத்து ஷேர் ஆட்டோவில் சந்தைக்கு ஓடுகிற பெண்கள், இத்தனை பேருக்கும் டீ ஆற்றுகிறவர். ஒருத்தருக்கும் நியமன ஆணை கிடையாது. ஆணை இல்லாத வேலை, திட்ட அறிக்கையில் வேலையாகவே ஏறாது. வரப்போகிற வேலையை ஒன்று விடாமல் எண்ணுகிறவர்கள், இருக்கிற வேலையை எண்ணுவதே இல்லை. இப்படிக் கூட்டல் மட்டும் தெரிந்த கணக்குப்பிள்ளையை நம் ஊர்ப் பலசரக்குக் கடையில்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்!

“அப்படியானால் மெழுகுவர்த்தி கொளுத்தவா?” என்று அக்கா கேட்டார். வேண்டாம். மொட்டை மாடியைப் பாருங்கள். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் 78,000 ரூபாய் மானியம். தகடு மாட்ட, வயர் இழுக்க, பிறகு இன்வெர்ட்டர் மக்கர் செய்தால் பார்க்க, நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் ஐடிஐயில் படித்த பையன் போதும். சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம், தென்னை நிழல் வேறு. எல்லா வீட்டுக்கும் தோதுப்படாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசுப் பணம் எந்தப் பக்கம் போனால் உள்ளூர்ப் பையன் கையில் ஸ்குரூ டிரைவர் ஏறும் என்று பார்ப்பதும் பொருளாதாரக் கொள்கைதானே?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்து எதிரணியில் பேச வருகிறவர், எண்ணெய்த் திட்டத்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொல்லத்தான் போகிறார். அதற்கு முன்னால் சின்னமுட்டத்தில் எத்தனை பேரை எண்ணினார் என்று சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.