மூன்று 138 ஒன்றாக வந்தால்

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டனில் நின்றுகொண்டு கொழும்பு பஸ்ஸைப் பற்றி எதற்குப் பேசுகிறாய் என்று வாசலிலேயே ஒரு மாமா கேட்டுவிட்டார். மாமா, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள், பையும் கையுமாக நிற்கிற பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று. புடவைக்கடை, ஹோட்டல், வீட்டு வேலை என்று நம் தோட்டங்களில் லயத்துக்கு லயம் யாராவது கொழும்பில் இருக்கிறார்கள். கொழும்பில் பஸ் பிந்தினால் சம்பளம் வெட்டுப்படுவது நம் வீட்டுப் பிள்ளைக்குத்தான்.

நானும் 17 வயதில் அப்படிப் போனவன்தான். வேலை புறக்கோட்டையில், தங்கியது மகரகமையில் அக்கா வீட்டில். நான் ஏறிய பஸ்ஸில் பெயர்ப் பலகை சிங்களத்தில் மட்டும். எனக்கு அப்போது அந்த எழுத்து ஒன்றும் தெரியாது, 138 என்ற இலக்கம்தான் துணை. காலையில் பஸ் ஹோல்டில் நின்றால் அரை மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் மூன்று 138 வரிசையாக வரும், முதலாவதில் கால் வைக்க இடமில்லை, மூன்றாவது காலி, அது நிற்காமலே போய்விடும். பிந்திப் போனால் முதலாளி அரை நாள் கூலியை வெட்டுவார். பஸ் போதாது என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டால் வேறு கதை. மணிக்கு 6 பஸ் என்று வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், ஹோல்டுக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் நிற்பார். அதே ஆறும் மும்மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒரு தடவை வந்தால் 15 நிமிடம். பஸ் அதே ஆறு, டீசல் அதே டீசல், காத்திருப்பு மட்டும் மூன்று மடங்கு.

ஏன் சேர்கின்றன? முன்னால் போகிற பஸ் கொஞ்சம் பிந்தினால் அடுத்த ஹோல்டில் ஆள் கூடிவிடும், ஏற்றி இறக்க நேரம் போகும், அது இன்னும் பிந்தும்; பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஏற்ற ஆளில்லை, ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். இது எல்லா நகரத்திலும் உண்டு. நம் நாட்டில் இதற்கு மேல் இன்னொன்று. 1958 ஜனவரியில் தனியார் கம்பனிகளின் பஸ்களையெல்லாம் எடுத்து அரசு போக்குவரத்துச் சபையை அமைத்தது, 1979இல் மறுபடி தனியாருக்குக் கதவு திறந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்று, இரண்டு பஸ் வைத்திருக்கிறவர்கள். சாரதிக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய வசூலில் இருந்துதான் கூலி. அதனால்தான் ஒரு ஹோல்டில் அசையாமல் நின்று 'ஏறுங்க ஏறுங்க' என்று கூப்பிடுவதும், பின்னால் அதே இலக்கம் தெரிந்தவுடன் உயிர் போகிற வேகத்தில் பறப்பதும். அவர்களைத் திட்டி என்ன பயன்? பஸ் வந்து போகிற நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பர் கொப்பியில் நேரம் எழுதலாம், அவர்களுடைய சம்பளம் அந்தக் கொப்பியில் இல்லையே.

தென் கொரியாவின் சோல் நகரத்திலும் இதே ஓட்டம்தான் இருந்தது. 2004 ஜூலையில் அங்கே முறையை மாற்றினார்கள். பஸ் தனியாருடையதாகவே இருந்தது. எந்த வழியில், எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நகராட்சி கையில் எடுத்துக்கொண்டு, டிக்கெட் காசை ஒரே இடத்தில் சேர்த்து, ஓடிய தூரத்தைப் பார்த்துக் கம்பனிகளுக்குக் காசு கொடுத்தது. ஆளைப் பிடிக்க ஓட வேண்டிய தேவையே போய்விட்டது. கார்டு ஒன்று, பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் சேர்த்து. இடையில் மாறினால் மறுபடி முதலில் இருந்து கட்டணம் கிடையாது, மொத்தத் தூரத்துக்குத்தான். (மிச்சக் காசுக்குக் கொண்டக்டரோடு சண்டை போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.) சும்மா நடந்ததில்லை, நகராட்சி வருடாவருடம் தன் பையில் இருந்து நிறையப் போட வேண்டியிருக்கிறது. அதை மறைத்துப் பேசக்கூடாது.

கொழும்பில் பேச்சு எப்போதும் பெரிய திட்டத்தைப் பற்றித்தான். மாலபேயில் இருந்து கோட்டைக்கு ஜப்பான் கடனில் இலகு ரயில் என்றார்கள், 2020இல் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் 2017இல் ராஜகிரிய பக்கம் பஸ்ஸுக்கென்று ஒரு வழியை ஒதுக்கிப் பார்த்தார்களே, அதற்குப் பெயின்டும் பொலிஸும் போதும். 50 பேரை ஏற்றிய பஸ், ஒற்றை ஆள் உட்கார்ந்த காருக்குப் பின்னால் ஏன் நிற்க வேண்டும்?

பின்வரிசையில் ஒரு தங்கச்சி கை தூக்குகிறார். இதெல்லாம் நம் தோட்டத்து ரோட்டுக்குச் சரிவருமா என்கிறார். வராது தங்கச்சி. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற இடத்தில் யாரும் மணி பார்த்து வருவதில்லை, அங்கே இடைவெளி சமமாக இருந்தால் போதும். ஒரு மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று ஓடுகிற நம் பக்கத்தில் சொன்ன நேரத்துக்கு எடுப்பதுதான் முக்கியம், அந்த நேரம் தமிழிலும் ஸ்டாண்டில் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று, ரயில். கொழும்பில் இருந்து வருகிற ரயில் பிந்துவது புதினமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாம் ஓடி வருவதற்குள் தோட்டத்துக் கடைசி பஸ் போய்விடுகிறது, அப்புறம் த்ரீவீலுக்குக் கொடுக்கிற காசு ஒரு நாள் பேரை, அதாவது தோட்டத்தில் ஒரு நாள் கூலியை, விழுங்கிவிடும். ரயில் பிந்துகிறது என்று ஸ்டேஷனில் இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு போன், கடைசி பஸ் மட்டும் ஒரு 10 நிமிடம் நிற்கட்டும். இதற்கு ஜப்பான் கடன் தேவையில்லை.