பத்து சென்ட் காசில் ஒரு கப்பல்

இந்தக் காசை வரிசையாகக் கைமாற்றிப் பாருங்கள். கனடா நாட்டுப் பத்து சென்ட். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுங்கள். முன்பு ஒரு கூட்டத்தில் இப்படிச் சுற்றில் விட்ட காசு வீடு திரும்பவில்லை. அதில் பாய் விரித்து ஓடுகிறாளே, அவள் பெயர் புளூநோஸ்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்து லூனன்பர்க்கில் 1921 மார்ச் 26 அன்று கடலில் இறக்கப்பட்ட மர ஸ்கூனர், அதாவது இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். 143 அடி நீளம். ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், போட்ட நாளில் முதல் ஆணி அடிக்கக் கவர்னர் ஜெனரலையே அழைத்திருந்தார்கள். அவர் ஓங்கிய சுத்தியல் எங்கெங்கோ விழுந்தது, ஆணித்தலையில் மட்டும் விழவில்லை. அதற்கு முந்தைய உபசரிப்பில் ரம் தாராளம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

மீனவர் கப்பல்களுக்கான பந்தயக் கோப்பையை முந்தைய ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர்காரர்கள் தட்டிச் சென்றிருந்தார்கள். அதை மீட்கத்தான் இவளைக் கட்டினார்கள். ஆனால் பந்தயத்தில் ஓட வேண்டுமானால் முதலில் மீன் பிடித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது!

அந்தப் பிழைப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். டோரி என்ற சிறு படகுகள் மேல்தளத்தில் கிண்ணங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். அட்லாண்டிக்கில் கிராண்ட் பாங்க்ஸ் என்ற மீன்பிடி மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் படகுக்கு இரண்டு பேராக இறங்குவார்கள். நம் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்கிறோமே, அதேபோல நீளக் கயிறு நெடுக முள், ஒவ்வொரு முள்ளிலும் இரை. மூடுபனி இறங்கினால் தாய்க்கப்பல் கண்ணுக்குத் தெரியாது. வழிதவறிய டோரிகள் எத்தனையோ. திரும்பியவர்களுக்கும் தூக்கம் கிடையாது. காட் மீனைப் பிளந்து, முள்ளெடுத்து, உப்பிட்டு அடுக்க வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபரிலேயே கோப்பை வந்துவிட்டது. 1938-இல் நடந்த கடைசிப் போட்டி வரை யாராலும் அதைப் பறிக்க முடியவில்லை. இவளைத் தோற்கடிக்கும் கப்பலுக்கு மரம் இன்னும் முளைக்கவில்லை என்பார் கேப்டன் அங்கஸ் வால்டர்ஸ்.

1937-இல் காசில் ஏறினாள். நாட்டில் எல்லார் சட்டைப்பையிலும் அவள் படம்; அவளை வைத்துக் காப்பாற்ற மட்டும் பணம் சேரவில்லை. இயந்திரப் படகுகள் வந்துவிட்டன, உப்புமீன் விலை சரிந்துவிட்டது. கடனுக்காக ஏலம் வரை போனபோது வால்டர்ஸ் கைப்பணம் போட்டு மீட்டார். கிழவரால் எத்தனை நாள் தாங்க முடியும்? 1942-இல் கரீபியன் பக்கம் சரக்கு ஏற்ற விற்றுவிட்டார்கள். 1946 ஜனவரி 28 அன்று ஹைத்தி அருகே பவளப்பாறையில் மோதி உடைந்தாள். ஆட்கள் தப்பினார்கள். அந்த ஆண்டும் பத்து சென்ட் காசு அவள் படத்தோடுதான் வெளிவந்தது.

1963-இல் அவளைக் கட்டிய அதே கப்பல் கட்டும் தளத்தில் அவளைப் போலவே இன்னொன்று கட்டினார்கள். அழகான கப்பல்தான். மீன் பிடிக்கத்தான் போனதில்லை.

சரி, காசு இப்போது எந்த வரிசையில் இருக்கிறது?